வீட்டு அடுப்பும் கடைத் தராசும்

மளிகைக் கடைக்காரருக்கு ஊர் நிலவரம் பத்திரிகை பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. மாதச் சாமான் சீட்டே சொல்லிவிடும். வீட்டில் பிள்ளைப்பேறு என்றால் பூண்டும் சுக்கும் கூடும். பெரியவருக்கு நீரிழிவு என்றால் சர்க்கரை குறைந்து கேழ்வரகு ஏறும். அந்தச் சீட்டுகளில் சில ஆண்டுகளாக ஒரு புது வரிசை சேர்ந்து வருகிறது. துவரம்பருப்பு, புளி, மிளகாய்க்குக் கீழே மைதா 2 கிலோ, உப்பில்லாத வெண்ணெய் அரைக் கிலோ, கோகோ பொடி, பேக்கிங் பவுடர், எசன்ஸ், முட்டை ஒன்றரை டஜன் என்று எழுதியிருக்கும். சீட்டைக் கொடுப்பவர் பெரும்பாலும் சிறு குழந்தைகளை வைத்திருக்கும் ஒரு தாய். வீட்டிலேயே கேக்கும் பிஸ்கட்டும் சுட்டுத் தம் பிள்ளைகளுக்கும் கொடுத்து, அக்கம்பக்கத்துப் பிறந்தநாளுக்கும் செய்து தருபவர்.

இந்தச் சரக்கு நம்மிடம் இல்லையென்று கைவிரித்தால் என்ன நடக்கிறது? கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலத்திற்கோ நெய்வேலிக்கோ அவர் பேருந்து ஏறுகிறார். அதற்கும் நேரமில்லையென்றால் கைப்பேசியில் பதிவு செய்கிறார். பொருள் வாசலுக்கே வந்துவிடுகிறது. வெண்ணெய்க்காகப் போனவர் இரண்டாம் முறை பருப்பையும் எண்ணெயையும் அங்கேயே வாங்குகிறார். மாமியார் காலத்திலிருந்து நம் பேரேட்டில் இருந்த பற்று வரவு அத்தோடு முடிகிறது. போனது வெண்ணெயில் கிடைக்கும் நான்கு காசு லாபம் அல்ல, ஒரு குடும்பத்தின் மாதச் சாமான்.

ஆகவே இந்தத் தாய்மார்களின் அன்றாட வேலை எப்படிப்பட்டது, அதில் வணிகரின் பங்கு என்ன, பொறுப்பு என்ன என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு தாயின் ஒரு நாள்

பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளையும், அங்கன்வாடி வயதில் ஒரு பிள்ளையும் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே தாயின் நாள் விடிவதற்கு முன்பே தொடங்குகிறது. வாசல் தெளித்துக் கோலமிட்டு, சமையல் முடித்து, பெரிய பிள்ளைக்குத் தலைவாரிப் பள்ளி வேனில் ஏற்றும்போது மணி எட்டரை ஆகிவிடும். அதன்பிறகு சின்னது தூங்கும் இரண்டு மணி நேரம்தான் கேக் வேலைக்குக் கிடைக்கும் நேரம். அதற்குள் வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைக்க வேண்டும், முட்டை அடிக்க வேண்டும், மாவு சலிக்க வேண்டும், ஓவனை முன்கூட்டியே சூடேற்ற வேண்டும். இடையில் மின்சாரம் நின்றால் உப்பி வந்த கேக் நடுவில் குழிந்துவிடும். பேக்கிங் பவுடர் வீரியம் இழந்திருந்தால் கேக் எழும்பவே எழும்பாது. மாலை ஆறு மணிக்குப் பிறந்தநாள் என்று சொல்லி முன்பணம் கொடுத்த வீட்டுக்கு என்ன பதில் சொல்வது?

சூட்டின் அருமையை நம் பகுதிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்கூடங்களும், அந்தத் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் இருக்கின்றன. சூளையில் வெப்பம் சீராக ஏற வேண்டும், சீராக இறங்க வேண்டும், அவசரப்பட்டால் பொம்மை விரிசல் விடும் என்பது அங்கே வேலை செய்யும் எவருக்கும் தெரியும். கேக்குக்கும் அதே நியாயம்தான். சாதாரணக் கேக்குக்கு 170 முதல் 180 டிகிரி சூடு வேண்டும். பாதியில் கதவைத் திறந்து திறந்து பார்த்தால் வேலை கெட்டுவிடும். அந்த அரை மணி நேரத்தில் பிள்ளை அழுதால் ஓடிப்போய்த் தூக்குவதும், பிள்ளை ஓவன் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வதும் அதே தாய்தான்.

இப்படி நேரத்தை எண்ணி எண்ணி வேலை செய்பவருக்குக் கடையில் பொருள் இல்லை என்பதோ, இருந்தும் பழைய சரக்கு என்பதோ சிறு குறை அல்ல. ஒரு நாள் உழைப்பும், ஒரு வாடிக்கையாளரும், முன்பணத்தோடு சேர்ந்து மானமும் போகும் காரியம்.

முதலில் வாங்கியவர் ஒரு வணிகர்

வீட்டில் செய்து விற்கும் பெண்கள் நமக்குப் போட்டி என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். இத்தொழிலின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில், ஃபேர்ஃபீல்டு என்ற ஊரில் மார்கரெட் ரட்கின் என்ற அம்மையார் இருந்தார். மூன்று பிள்ளைகளின் தாய். கடைசி மகனுக்கு ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் இருந்தன. கடைகளில் விற்ற வெள்ளை ரொட்டி அவனுக்கு ஆகவில்லை. தவிடு நீக்காத கோதுமை மாவில் தாமே ரொட்டி சுட்டுக் கொடுக்கத் தொடங்கினார். முதல் ரொட்டி கல்லைப் போல இருந்ததாம். விடாமல் செய்து பழகினார். 1937-ஆம் ஆண்டு அந்த ரொட்டியை எடுத்துக்கொண்டு அவர் போனது உள்ளூர் மளிகைக் கடைக்கு. மற்ற ரொட்டி 10 சென்ட் விற்ற காலத்தில் இவருடைய ரொட்டி 25 சென்ட். இருந்தும் கடைக்காரர் வாங்கி வைத்தார், விற்றது. அப்போது அமெரிக்கா பொருளாதார மந்தத்திலிருந்து முழுதாக மீளாத நேரம். அப்படித் தொடங்கியதுதான் பெப்பரிட்ஜ் ஃபார்ம் என்ற நிறுவனம். 1947-ல் தனித் தொழிற்சாலை கட்டினார்கள். 1961-ல் கேம்பல் சூப் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது.

நம் நாட்டுக் கதையும் அதுவே. 1959 மார்ச் 15 அன்று மும்பை கிர்காமில் ஏழு பெண்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து அப்பளம் இட்டார்கள். கையில் இருந்த முதல் 80 ரூபாய் கடன். அன்று செய்தது நான்கே பொட்டலம். அதை வாங்கியவர் புலேஷ்வரில் கடை வைத்திருந்த ஒரு தெரிந்த வணிகர். லிஜ்ஜத் பப்பட் என்ற பெயரில் அது பல்லாயிரம் பெண்களுக்கு வேலை தரும் அமைப்பாக வளர்ந்தது. நன்கொடை வாங்குவதில்லை, வணிகமாகவே நடத்துவது என்று அந்தப் பெண்கள் உறுதியாக இருந்தார்கள். தொடங்கிய எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் பாட்ரிசியா நாராயண் பலருக்கும் தெரிந்த பெயர். சென்னையில் இரண்டு பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர், வீட்டில் ஊறுகாய், ஜாம் செய்து தாயார் வேலை பார்த்த அலுவலகத்தில் விற்றார். 1982-ல் மெரினா கடற்கரையில் ஒரு தள்ளுவண்டிக் கடை போட்டார். முதல் நாள் விற்பனை ஒரே ஒரு காபி, 50 பைசா. பின்னர் உணவகங்கள் நடத்தும் நிலைக்கு உயர்ந்தார். 2010-ல் ஃபிக்கி அமைப்பு அவருக்குச் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருது வழங்கியது.

மூன்று கதைகளிலும் கைத்திறன் பெண்களுடையது. முதல் இரண்டிலும் கடையில் வைக்க அலமாரியில் ஓர் இடம் கொடுத்தவர் வணிகர். ஒரு பொட்டலத்தை வாங்கி வைத்துப் பார்க்கத் துணிந்த அந்தக் கடைக்காரர் கொடுத்தது தர்மம் அல்ல. நல்ல சரக்கை அடையாளம் கண்டார், அவ்வளவுதான்.

அலமாரியில் இருக்க வேண்டியவை

இச்சரக்கைப் புதிதாக வைக்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

மைதா: ஈரம்தான் இதற்கு எதிரி. மழைக்காலத்தில் மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். முன் வந்தது முன்னே போகட்டும். வண்டு விழுந்த மாவைச் சலித்து விற்கும் பழக்கம் வேண்டாம். முழுக் கோதுமை மாவில் எண்ணெய்ச் சத்து உண்டு. ஆகவே அது மைதாவைவிடச் சீக்கிரம் காறல் அடிக்கும். குறைவாக வாங்கி அடிக்கடி வாங்குங்கள்.

வெண்ணெய்: நாம் வழக்கமாக வைப்பது உப்புப் போட்ட வெண்ணெய். கேக் செய்பவர் கேட்பது உப்பில்லாதது. இரண்டும் ஒன்றென்று சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். குளிர்பெட்டியில் இரண்டையும் தனித்தனியாக வையுங்கள்.

கோகோ பொடி: பாலில் கலந்து குடிக்கும் சாக்லேட் பொடி வேறு, கோகோ பொடி வேறு. குடிக்கும் பொடியில் பெரும்பகுதி சர்க்கரை. இதை மாற்றிக் கொடுத்தால் கேக்கின் நிறமும் வராது, கசப்பும் வராது.

பேக்கிங் பவுடரும் சமையல் சோடாவும்: பெட்டி ஒரே மாதிரி இருந்தாலும் பொருள் வேறு. சோடாவுக்கு தயிர், எலுமிச்சை போன்ற புளிப்பு சேர்ந்தால்தான் வேலை செய்யும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பும் சேர்த்தே வருகிறது. ஈரம் பட்டால் வீரியம் போகும். சந்தேகம் இருந்தால் ஒரு சிட்டிகையைச் சுடுநீரில் போடுங்கள். பொங்கி நுரைத்தால் நல்லது. பேசாமல் அடங்கினால் குப்பைக்கு அனுப்புங்கள். பெரிய டப்பாவைவிட 50 கிராம், 100 கிராம் டப்பாக்களே வீட்டுக்காரர்களுக்கு ஏற்றவை.

ஈஸ்ட்: ரொட்டிக்கும் பன்னுக்கும் தேவை. இது உயிருள்ள பொருள். வெயிலில் வைத்தால் செத்துவிடும். கெடு நாளைப் பார்த்துக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

முந்திரி: நம் மாவட்டத்துச் சரக்கு. பண்ருட்டியும் விருத்தாசலமும் முந்திரிக்குப் பெயர் பெற்றவை. கேக்கில் போட முழுப் பருப்பு தேவையில்லை, துண்டுப் பருப்பே போதும், விலையும் குறைவு. இதைச் சொல்லிக் கொடுங்கள். முட்டை வெள்ளைக் கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்த்துத் தூத்துக்குடிக்காரர்கள் மக்ரூன் செய்து பெயர் வாங்கிவிட்டார்கள். முந்திரி விளையும் நம் பகுதியிலும் அப்படி ஒரு பண்டம் வீடுகளிலிருந்து பிறக்கலாம்.

நிறங்கள்: இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். உணவுக்கு அனுமதிக்கப்பட்ட நிறம், உறையில் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணோடு வரும். பெயரில்லாத பொட்டலத்தில் வரும் பொடியைக் கையால் தொடாதீர்கள். துணிக்குச் சாயமிடும் ரோடமின்-பி கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது நினைவிருக்கும். வீட்டில் கேக் செய்யும் தாய் நம்மை நம்பி வாங்குகிறார். அதைத் தின்பது ஐந்து வயதுப் பிள்ளைகள்.

வனஸ்பதியும் பேக்கரிக் கொழுப்பும்: கெட்டிப்படுத்திய எண்ணெயில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு. 2021-ல் 3 சதவீதமாகவும், 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதமாகவும் அதன் அளவுக்கு வரம்பு விதித்திருக்கிறார்கள். சில்லறையாகப் பிரித்து விற்கும் பெயரற்ற சரக்கை இந்தக் காரணத்துக்காகவே தவிர்ப்பது நல்லது.

பாத்திரக் கடை வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கும் இதில் வேலை உண்டு. அரைக் கிலோ, ஒரு கிலோ கேக் தட்டு, ரொட்டித் தட்டு, 1 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஆகியவற்றைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பீங்கான் கிண்ணம் விற்கும்போது, அது ஓவன் சூட்டைத் தாங்குமா, உணவுக்கு உகந்த மெருகா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுத் தெரிந்து சொல்லுங்கள். அலங்காரத்துக்குச் செய்த கிண்ணமெல்லாம் அடுப்புக்கு ஆகாது.

ஒரு துண்டில் எவ்வளவு சர்க்கரை?

இத்தாய்மார்களில் பலர் உடற்பயிற்சியிலும் அக்கறை உள்ளவர்கள். அதிகாலையில் நடக்கிறார்கள், மாடியில் யோகாசனம் செய்கிறார்கள். கேக் சுடுவதும் உடம்பைப் பேணுவதும் ஒன்றுக்கொன்று முரண் அல்லவா என்று கேட்கலாம். கணக்கைப் பார்த்தால் அவர்கள் ஏன் வீட்டிலேயே செய்கிறார்கள் என்பது விளங்கும்.

வெண்ணெய்க் கேக்குக்கு உலகெங்கும் உள்ள பழைய கணக்கு சம எடை. மைதா 250 கிராம், சர்க்கரை 250 கிராம், வெண்ணெய் 250 கிராம், முட்டை ஐந்து. இதைப் பத்துத் துண்டாக்கினால் ஒரு துண்டில் 25 கிராம் சர்க்கரை, 25 கிராம் வெண்ணெய். சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளுணவின் சக்தியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் பரிந்துரைத்தது. பெரியவர்களுக்கு அந்த 5 சதவீதம் ஏறக்குறைய 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. ஒரே துண்டில் அந்த நாளின் அளவு தீர்ந்துவிடுகிறது. மேலே பூசும் கிரீம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

வீட்டில் செய்பவர் இதைக் குறைக்க முடியும். சர்க்கரையில் நாலில் ஒரு பங்கைக் குறைத்தாலும் கேக் வரும். மைதாவில் நாலில் ஒரு பங்குக்குக் கேழ்வரகு மாவோ கோதுமை மாவோ கலக்கலாம். கேழ்வரகுக்குப் பசைத்தன்மை இல்லாததால் முழுவதும் அதையே போட்டால் உதிர்ந்துவிடும். கலவைதான் வழி. நம் நாடு கேட்டுக்கொண்டதன் பேரில் 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. கேழ்வரகும் கம்பும் நம் கடைகளுக்குப் புதிதல்ல. மைதாவுக்குப் பக்கத்திலேயே நன்றாகச் சலித்த கேழ்வரகு மாவையும் வைத்துப் பாருங்கள், தானாகக் கை போகும்.

இது வெறும் நாகரிகமல்ல. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. கல்லாவில் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் நம் இனத்தார் இந்தக் கணக்கை அசட்டையாகப் பார்க்க முடியாது.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாளுக்கு அரை மணி வீதம் வாரம் ஐந்து நாள் வேகமாக நடந்தால் அது நிறைவேறும். நாள் முழுதும் அடுப்படியில் நிற்பது உழைப்புதான், ஆனால் நடைக்கு ஈடாகாது. குனிந்தே மாவு பிசைந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மேடை இடுப்பு உயரம் இருப்பது நல்லது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கோ நாளுக்கு மூன்று மணி நேரம் ஓடியாட வேண்டும். தாயும் பிள்ளையும் மாலையில் ஏரிக்கரை வரை நடந்து வந்தால் இரண்டு கணக்கும் சேர்ந்து தீரும்.

குழந்தைகள் விஷயத்தில் கடைக்காரரும் நினைவில் வைக்க வேண்டியவை உண்டு. ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழு முந்திரியும் முழு வேர்க்கடலையும் தொண்டையில் சிக்கும் ஆபத்து உள்ளவை. பொடித்துத்தான் சேர்க்க வேண்டும். சிலருக்குக் கடலை ஒவ்வாது. செய்து விற்பவர் என்னென்ன சேர்த்திருக்கிறார் என்று பெட்டியின் மேல் எழுதியே தர வேண்டும்.

பதிவும் வரியும்

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ல் இயற்றப்பட்டு 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் செய்து விற்றாலும் அது உணவு வணிகமே. 2011 விதிகளின்படி ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு தயாரிப்பாளர்கள் உரிமம் எடுக்க வேண்டியதில்லை, பதிவு செய்துகொண்டால் போதும். அப்போது குறித்த கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். வரம்பும் கட்டணமும் அவ்வப்போது மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் நாளில் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்வது முறை.

இதில் நமக்கும் ஒரு கடமை உண்டு. பதிவு எண் இல்லாத பண்டத்தை வாங்கிக் கடையில் வைத்தால், சோதனை வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர். "அம்மா, பதிவு செய்து எண்ணை வாங்கிக்கொண்டு வாங்க, வைக்கிறேன்" என்று சொல்லி, விண்ணப்பம் போடவும் வழிகாட்டுங்கள். நாம் அறிந்த வழிதானே?

வரியிலும் மாற்றம் வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பிஸ்கட், கோகோ பொடி ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், வெண்ணெயின் வரி 12-லிருந்து 5 ஆகவும் குறைந்தது. கொள்முதல் சீட்டில் சரியான விகிதம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த வரியின் பயன் விலையில் தெரிந்தால் வாடிக்கையாளர் மறக்க மாட்டார்.

மைதா, சர்க்கரையை வாடிக்கையாளர் கண்ணெதிரே நிறுத்துக் கொடுப்பது வேறு, முன்கூட்டியே பொட்டலம் கட்டி அடுக்கி வைப்பது வேறு. பொட்டலம் கட்டினால் பொருளின் பெயர், நிகர எடை, விலை, கட்டிய மாதம், கட்டியவர் முகவரி வேண்டும். கேக் பெட்டியைப் பொறுத்தவரை அட்டைப் பெட்டியே நல்லது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு.

பேக்கரி உறுப்பினர்களின் குறை

நம் சங்கத்தில் பேக்கரி நடத்தும் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய மனக்குறையில் நியாயம் உண்டு. வாடகை, ஆள் சம்பளம், வணிக மின்கட்டணம், உரிமம், சோதனை எல்லாம் அவர்களுக்கு. வீட்டில் செய்பவருக்கு இவற்றில் பல இல்லை. தவிர, தம் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் அடிமாட்டு விலைக்குக் கொடுக்கும் வீட்டுத் தயாரிப்பாளரால் கடைக்காரரின் விலையும் கெடுகிறது.

இதற்கு வழி அவரைத் துரத்துவது அல்ல, கணக்குப் போடக் கற்றுக்கொடுப்பது. சரக்கு விலை மட்டும் அடக்க விலை ஆகாது. 1500 வாட் ஓவன் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒன்றரை யூனிட் மின்சாரம். பெட்டி, அடியில் வைக்கும் அட்டை, உடைந்த முட்டை, சரியாக வராத கேக், மூன்று மணி நேர உழைப்பு எல்லாம் சேர்ந்ததுதான் அடக்கம். கூலி போடாத கணக்கு கணக்கே அல்ல. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் தாய், கடை விலைக்குக் கீழே கொடுக்க மாட்டார். கொடுக்கவும் முடியாது.

மேலும் இருவரின் சந்தையும் முழுக்க ஒன்றல்ல. தினசரி ரொட்டி, பன், பப்ஸ், வறுக்கி இவற்றை நாள்தோறும் நூற்றுக்கணக்கில் போடுவது பேக்கரியால் மட்டுமே முடியும். பிள்ளையின் பெயரெழுதி, முட்டையில்லாமல், சர்க்கரை குறைத்து, கேழ்வரகு கலந்து ஒரே ஒரு கேக் கேட்பவருக்கு வீடு ஏற்றது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு நெருக்கடியில் கையில் அடங்காத ஆர்டரை நம்பிக்கையான ஒரு வீட்டுக்குப் பிரித்துக்கொடுக்கும் பேக்கரிக்காரர் இரண்டு பக்கமும் பெயர் வாங்குவார்.

நாம் செய்யக்கூடியது

பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை. ஒரு தட்டு அலமாரி, குளிர்பெட்டியில் ஒரு மூலை போதும். முதல் மூன்று மாதம் குறைவாக வாங்கி, எது போகிறது, எது தேங்குகிறது என்று ஒரு சிறு நோட்டில் எழுதி வாருங்கள். சமையல் குறிப்புகளில் அளவு கப்பில் இருக்கும். நம் தராசோ கிராமில். ஒரு கப் மைதா சுமார் 125 கிராம், சர்க்கரை சுமார் 200 கிராம், வெண்ணெய் சுமார் 225 கிராம் என்று ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டால், வாங்குபவர் வேண்டிய அளவே வாங்குவார். வீணாகாமல் வாங்கியவர் திரும்பவும் வருவார்.

கடன் விஷயத்தில் கண்டிப்பும் கனிவும் வேண்டும். பிறந்தநாள் கேக்குக்குப் பணம் பெரும்பாலும் கேக் போன பிறகே வருகிறது. பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொள்ளும்படி அவருக்குச் சொல்லுங்கள். அந்த முன்பணத்தில் சரக்கு வாங்கினால் உங்களிடம் பாக்கி நிற்காது. தவிர்க்க முடியாமல் கொடுத்தால் ஒரு வார தவணை, ஓர் உச்ச அளவு. இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் முகம் கோணாது.

கைப்பேசி வழியே பொருள் விற்கும் பெரிய நிறுவனங்களிடம் நம்மைவிட அதிகச் சரக்கு இருக்கும், சில நேரம் விலையும் குறைவாக இருக்கும். ஆனால் நேற்று வந்த பேக்கிங் பவுடர் எது, மழையில் நனைந்த மூட்டை எது என்பதை முகம் பார்த்துச் சொல்ல அவர்களால் முடியாது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நிற்கும் தாய்க்கு அந்த ஒரு சொல்லின் மதிப்பு தெரியும்.

அடுத்த முறை சீட்டில் நம்மிடம் இல்லாத பொருள் ஒன்று எழுதியிருந்தால், "இல்லை" என்று சொல்லிச் சீட்டைத் திருப்பாமல், "என்னைக்கு வேணும்மா?" என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். சொன்ன நாளில் வரவழைத்துக் கொடுங்கள். அந்த வீட்டின் மாதச் சாமான் நம் தராசிலேயே இருக்கும்.